ஒரு மணி நேரத் தரவு, ஒரு சாதாரணக் கணினி: ரேடியோ வானத்தை முதன்முதலில் படமாக்குவது எப்படி

புனேயிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால் நாராயண்காவ். அதை ஒட்டிய கோடாத் கிராமத்தைச் சுற்றி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் 25 கிலோமீட்டர் பரப்பில் நிற்கின்றன. அதுதான் ஜிஎம்ஆர்டி, அதாவது மாபெரும் மீட்டர்அலை ரேடியோ தொலைநோக்கி. அதில் எடுத்த தரவு, எடுத்தவர்களுக்கான தனியுரிமைக் காலம் முடிந்ததும் இணையக் காப்பகத்தில் பொதுவுக்கு வந்துவிடும். பெயர் பதிவு செய்துகொண்டு நீங்களும் இறக்கிக்கொள்ளலாம். நம்மூர் வாசகர்களுக்கு ஒரு ஒட்டுறவும் உண்டு: 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி கட்டிய அதே குழுவின் வழிவந்ததுதான் ஜிஎம்ஆர்டி.

இறக்குவது சுலபம். அதைப் படமாக்கும்போதுதான் கணினி திணறும். இரவு முழுக்க ஓடிவிட்டுக் காலையில் நினைவகம் போதவில்லை என்று நின்றிருக்கும். புதிதாக வருபவர்கள் உடனே பெரிய சர்வர் தேடப் போகிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை. ஓட்டும் முன் ஒரு காகிதத்தில் ஐந்தாறு எண்களைக் கணக்குப் போட்டால், 32 ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டியும் உள்ள சாதாரணக் கணினியிலேயே வேலை முடிந்துவிடும். அந்தக் கணக்குகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் போடப் போகிறோம்.

எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது: ஜிஎம்ஆர்டியின் பேண்ட் 3, அதாவது 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை 200 மெகாஹெர்ட்ஸ் அகலம், அந்த அகலத்தை நறுக்கிய 2048 சேனல், ஏறக்குறைய 5.4 நொடிக்கு ஒரு பதிவு, ஒரு மணி நேர அவதானிப்பு. படமாக்கும் மென்பொருள் இரண்டு: காசா (CASA), டபிள்யூஎஸ்கிளீன் (WSClean). இரண்டுமே இலவசம், லினக்ஸில் ஓடும்.

முதலில், எதைக் கணக்கிடுகிறோம் என்று தெரிய வேண்டும்

ஆன்டெனாக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியின் சமிக்ஞைகளையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் வரும் கலப்பெண்ணுக்கு விசிபிலிட்டி என்று பெயர். அது வானத்தின் ஃபூரியர் மாற்றத்தில், அதாவது படத்தை அலைகளாகப் பிரித்து எழுதியதில், ஒரு புள்ளி. பூமி சுழலச் சுழல அதே ஜோடி வேறு வேறு புள்ளிகளை அளந்துகொண்டே போகும். இந்த வித்தையை வளர்த்தெடுத்ததற்காகத்தான் மார்ட்டின் ரைலுக்கு 1974-இல் நோபல் பரிசு கிடைத்தது.

30 ஆன்டெனா என்றால் 435 ஜோடி. 435 ஜோடி, 2 துருவமுனைப்பு, 2048 சேனல், மணிக்கு சுமார் 670 பதிவு. எல்லாவற்றையும் பெருக்கினால் 120 கோடி விசிபிலிட்டி. ஒன்றுக்கு 8 பைட் என்றால் 10 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. காசா இதே அளவில் திருத்திய தரவுக்கு ஒரு நெடுவரிசையும், மாதிரிக்கு (வானத்தில் இருப்பது இதுதான் என்ற நம் கணிப்புக்கு) ஒரு நெடுவரிசையும் சேர்க்கும், ஆகவே மூன்று மடங்கு. வட்டில் குறைந்தது 100 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

இப்போது படம் 6000-க்கு 6000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 3.6 கோடி பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 120 கோடி விசிபிலிட்டியையும் நேரடியாகக் கூட்டினால், 4-க்குப் பின்னால் 16 சுழி போட்ட எண்ணிக்கையில் செயல்கள் வரும். நொடிக்கு ஆயிரம் கோடி செயல் செய்யும் கணினிக்கும் அது 50 நாள் வேலை.

இதைத் தவிர்க்கத்தான் எஃப்எஃப்டி, அதாவது ஃபூரியர் மாற்றத்தை வேகமாகப் போடும் வழிமுறை. ஆனால் எஃப்எஃப்டிக்குத் தரவு ஒழுங்கான கட்டங்களில் உட்கார்ந்திருக்க வேண்டும். விசிபிலிட்டிகளோ விழுந்த இடத்தில் விழுந்து கிடக்கும். எனவே ஒவ்வொரு விசிபிலிட்டியையும் அதைச் சுற்றியுள்ள 7-க்கு 7 கட்டங்களில் ஒரு சிறு எடைச் சார்பைக் கொண்டு பரப்புகிறார்கள். இந்த வேலைக்கு கிரிடிங் என்று பெயர். 120 கோடி முறை 49 என்றால் சுமார் 6,000 கோடி செயல். அதன் பிறகு வரும் எஃப்எஃப்டி சில நூறு கோடி செயல்களில் முடிந்துவிடும். மொத்தத்தில் நேரடிக் கூட்டலைவிட லட்சக்கணக்கான மடங்கு மலிவு.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காசு கரைவது கிரிடிங்கில்தான், எஃப்எஃப்டியில் இல்லை. கிரிடிங் செலவு விசிபிலிட்டி எண்ணிக்கையோடு நேராகக் கூடும். ஆக, முதலில் குறைக்க வேண்டியது தரவின் எண்ணிக்கை.

படி 1: குப்பையைக் களைந்து, அளவுத்திருத்தம் செய்வது

இதற்கே தனிக் கட்டுரை வேண்டும், அதனால் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஜிஎம்ஆர்டி தரவுக்கென்றே காசாவை வைத்து எழுதப்பட்ட காப்சர் என்ற பைப்லைன் (படிகளை வரிசையாகத் தானே ஓட்டும் நிரல்) பொதுவில் கிடைக்கிறது. முதல்முறை அதையே ஓட்டுங்கள். குறுக்கீடுகளை நீக்கி, 3சி48, 3சி147, 3சி286 போன்ற, ஒளிர்வு தெரிந்த வானத்து ரேடியோ மூலங்களை வைத்து ஒளிர்வு அளவுகோலைப் பொருத்தி, உங்கள் இலக்கின் தரவைத் தனியாகப் பிரித்துத் தந்துவிடும்.

ஒன்றே ஒன்று: குறுக்கீட்டை நீக்கிய பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும், வரிசை மாறக் கூடாது. ஒரு சேனலில் 5 நொடி மட்டும் வந்து போன குறுக்கீட்டை அப்படியே சராசரியில் சேர்த்துவிட்டால், பக்கத்துச் சேனல்கள் எல்லாவற்றிலும் அது கரைந்துவிடும். அப்புறம் பிரித்தெடுக்க வழியில்லை.

படி 2: எவ்வளவு சராசரி எடுக்கலாம்?

மொத்தத்தில் அதிக நேரத்தை மிச்சப்படுத்தித் தருவது இந்தப் படி. பலர் இதைத் தொடாமலேயே போய்விடுகிறார்கள், அல்லது யாரோ கொடுத்த எண்ணை அப்படியே போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம், கணக்கு எளிதுதான்.

பக்கத்துச் சேனல்களைச் சேர்த்தால், படத்தின் மையத்தில் ஒன்றும் ஆகாது. மையத்திலிருந்து தள்ளியிருக்கும் மூலங்கள் மட்டும் மையத்தை நோக்கிய திசையில் இழுபட்டு நீளும், உச்ச ஒளிர்வு குறையும். எவ்வளவு என்பதற்கு ஒரு விகிதம் போதும்: சேனல் அகலத்தை அதிர்வெண்ணால் வகுத்து, அதை மூலத்தின் மையத்தூரத்துக்கும் பீம் அகலத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்குங்கள் (பீம் என்பது ஒரு புள்ளி மூலம் படத்தில் விரிந்து தெரியும் வடிவம்). விடை 1-ஐத் தொட்டால் உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். 0.3 அளவில் இருந்தால் நல்லது.

400 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 75 சென்டிமீட்டர். அதை 25 கிலோமீட்டரால் வகுத்தால் பகுதிறன் 6 ஆர்க்செகண்டுக்குச் சற்று மேல். நடைமுறையில் 7 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாகைக்கு 60 ஆர்க்மினிட், 3600 ஆர்க்செகண்ட். ஒரு 45 மீட்டர் டிஷ் பார்க்கும் வட்டம், உணர்திறன் பாதியாகும் விளிம்பு வரை, 400 மெகாஹெர்ட்ஸில் 75 ஆர்க்மினிட் அகலம். ஆக அந்த விளிம்பு மையத்திலிருந்து 37.5 ஆர்க்மினிட், அதாவது 2250 ஆர்க்செகண்ட். 2250-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 320.

சராசரி எடுக்காத தரவில் ஒரு சேனல் 200-ஐ 2048-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 98 கிலோஹெர்ட்ஸ். 4 சேனலைச் சேர்த்தால் 390. விகிதம் 0.31; விளிம்பில் இருக்கும் மூலத்துக்கு 2 அல்லது 3 சதவீத இழப்பு. 8 சேனலைச் சேர்த்தால் விகிதம் 0.63, இழப்பு 8 சதவீதத்தை எட்டும். 4-லேயே நிறுத்திக்கொள்வோம்.

நேரத்துக்கும் இதே மாதிரிதான். பூமி நொடிக்கு 0.000073 ரேடியன் சுழல்கிறது. அதைச் சராசரி எடுக்கும் நொடிகளாலும் அதே 320-ஆலும் பெருக்குங்கள். இரண்டு பதிவைச் சேர்த்தால் 10.7 நொடி, விடை 0.25. தாராளமாகச் சேர்க்கலாம்.

சரி, 4 முறை 2 என்றால் 8. 120 கோடி விசிபிலிட்டி 15 கோடியாகிவிட்டது. இனி வரும் ஒவ்வொரு கிரிடிங்கும் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடியும், வட்டிலும் இடம் மிச்சம். காசாவில் எம்எஸ்டிரான்ஸ்ஃபார்ம் கட்டளை இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும்.

இன்னும் பிழிய நினைப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஜிஎம்ஆர்டியின் 14 ஆன்டெனாக்கள் நடுவில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுக்குள் மட்டும் 91 ஜோடி. இந்தக் குட்டை ஜோடிகளை இன்னும் அதிக நேரத்துக்குச் சராசரி எடுத்தாலும் பாதகமில்லை, ஏனென்றால் இழுபடுவது ஜோடியின் நீளத்தைப் பொறுத்தது. ஜோடிக்கு ஜோடி வேறு சராசரி என்ற இந்த முறையை லோஃபார் என்ற ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கிக் குழுவினரின் டிபி3 மென்பொருள் செய்து தரும். முதல் படத்துக்கு இது வேண்டாம்.

படி 3: பிக்சல் எவ்வளவு, படம் எவ்வளவு

பீமுக்குக் குறுக்கே 4 அல்லது 5 பிக்சல் வர வேண்டும். 7 ஆர்க்செகண்ட் பீமுக்கு 1.5 ஆர்க்செகண்ட் பிக்சல் சரி. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 0.5 போடுபவர்கள் உண்டு. அதில் புதிதாக ஒரு விவரமும் கிடைக்காது. பிக்சல் எண்ணிக்கை மட்டும் 9 மடங்காகும்.

படத்தின் அகலம், பாதி உணர்திறன் வட்டத்தைப் போல இரண்டு மடங்கு: 2.5 பாகை, 9000 ஆர்க்செகண்ட், 6000 பிக்சல். ஏன் இவ்வளவு? வட்டத்துக்கு வெளியே இருக்கும் பிரகாசமான மூலங்களின் பக்கவாட்டு அலைகள் உள்ளே வந்து மேயும். அவற்றையும் கண்டுபிடித்துக் கழித்தால்தான் மையம் சுத்தமாகும். அதைவிடத் தள்ளி ஒரு மூலம் தொல்லை செய்தால், அதற்காகப் படத்தை 12,000 பிக்சலாக்காதீர்கள். காசாவில் வெளிப்புலக் கோப்பு என்ற வசதி இருக்கிறது. அந்த ஒரு மூலத்தைச் சுற்றி மட்டும் 256 பிக்சலில் ஒரு குட்டிப் படம் போட்டுக்கொள்ளலாம்.

பிக்சல் எண்ணைத் தேர்வு செய்யும்போது 2, 3, 5 என்ற சிறு எண்களால் முழுக்கப் பகுபடும் எண்ணாகப் பாருங்கள். எஃப்எஃப்டி அப்படிப்பட்ட எண்களில்தான் வேகமாக ஓடும். 6000 நல்ல எண். 6144 இன்னும் நல்ல எண். 6002 மோசம், ஏனென்றால் அது 2 முறை 3001. 3001 ஒரு பகா எண். பொருந்தாத எண்ணைக் கொடுத்தால் காசா ஓடும், ஆனால் பதிவேட்டில் இந்த அளவு திறமையானது அல்ல, அதற்குப் பதில் இதைப் போடு என்று ஒரு வரி எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

நினைவகக் கணக்கு: 3.6 கோடி பிக்சல், ஒன்றுக்கு 4 பைட், ஒரு படத்துக்கு 144 எம்பி. மீதம் (மாதிரியைக் கழித்தபின் மிஞ்சுவது), மாதிரி, பீம், கிரிட் என்று ஒரே நேரத்தில் பல படங்கள் திறந்திருக்கும். இருந்தாலும் 32 ஜிபியில் அடங்கும். 18,000 பிக்சல் என்றால் ஒவ்வொன்றும் 1.3 ஜிபி, அப்போதுதான் கணினி மூச்சு வாங்கும்.

படி 4: டபிள்யூ என்ற தொல்லை

இரு பரிமாண ஃபூரியர் மாற்றம் என்று சொன்னது சிறிய வானத்துண்டுக்கு மட்டுமே பொருந்தும். ஆன்டெனாக்கள் நிற்கும் தளம் எப்போதும் மூலத்துக்குச் செங்குத்தாக இருக்காது. ஜோடிக்கு இடையிலான தூரத்தில் மூலத்தின் திசையில் நீளும் கூறுக்கு டபிள்யூ என்று பெயர். மையத்தில் அதனால் தொல்லை இல்லை. விலக விலகக் கட்டப்பிழை, விலகலின் வர்க்கத்தோடு கூடும் (இங்கே கட்டம் என்பது அலையின் கட்டம், அதாவது ஃபேஸ்; கிரிடிங்கில் வந்த கட்டங்கள் வேறு).

நம் எடுத்துக்காட்டில் மோசமான நிலையைப் பார்ப்போம். 25 கிலோமீட்டர் முழுவதும் டபிள்யூ திசையில் என்றால் 33,000 அலைநீளம். 37.5 ஆர்க்மினிட் விலகல் 0.0109 ரேடியன். அதன் வர்க்கத்தில் பாதியை 33,000-ஆல் பெருக்கினால் இரண்டு முழுச் சுற்றுப் பிழை. படத்தின் ஓரத்தில் எட்டுச் சுற்று. கால் சுற்றுப் பிழையே படத்தைக் குலைக்கும் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது.

தீர்வுகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். டபிள்யூ புரொஜெக்‌ஷன் கிரிடிங்கிலேயே திருத்துகிறது: டபிள்யூ கூடக் கூட ஒவ்வொரு விசிபிலிட்டியையும் பரப்பும் சார்பின் அகலமும் கூடும். 7-க்கு 7 என்பது நூற்றுக்கணக்கான கட்டங்களாகலாம். கார்ன்வெல், கோலாப், பட்நாகர் மூவரும் 2008-இல் விவரித்த முறை. காசாவின் படமாக்கும் கட்டளையான டிகிளீனில் கிடைக்கிறது. டபிள்யூ ஸ்டாக்கிங் வேறு வழியில் போகிறது: விசிபிலிட்டிகளை டபிள்யூ மதிப்பின்படி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எஃப்எஃப்டி போட்டு, படத்தில் கட்டத்தைத் திருத்திக் கூட்டிவிடும். நம் படத்துக்கு அதிகபட்சம் நூறு அடுக்கு அளவில் வரும்.

எது மலிவு? முதல் முறையின் செலவு விசிபிலிட்டி எண்ணிக்கையோடு கூடும், இரண்டாவதன் செலவு பிக்சல் எண்ணிக்கையோடு கூடும். தரவு மிக அதிகமாக இருந்தால் இரண்டாவதுதான் லாபம். டபிள்யூஎஸ்கிளீனை 2014-இல் ஓஃப்ரிங்காவும் கூட்டாளிகளும் எழுதியதே மேற்கு ஆஸ்திரேலியாவின் எம்டபிள்யூஏ தொலைநோக்கிக்காகத்தான்: அப்போது 128 ஆன்டெனாத் தொகுதி, 8128 ஜோடி, பரந்த வானம். அப்புறம் இரண்டையும் கலந்த டபிள்யூகிரிடர் வந்தது. மூன்று திசையிலும் துல்லியமான சார்பைப் பயன்படுத்துவதால் அடுக்குகளின் எண்ணிக்கை நன்றாகக் குறைகிறது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருப்பவர்களுக்கு ஐடிஜி என்ற முறையும் டபிள்யூஎஸ்கிளீனுக்குள்ளேயே உண்டு.

என் சிபாரிசு: கார்டு இல்லாத கணினியில் டபிள்யூஎஸ்கிளீன், அதில் டபிள்யூகிரிடர். காசாதான் பழக்கம் என்றால் டபிள்யூ புரொஜெக்‌ஷனில் தள எண்ணிக்கையை மைனஸ் 1 என்று கொடுத்து அதையே முடிவு செய்ய விட்டுவிடுங்கள்.

படி 5: அழுக்குப் படம், அதோடு ஒரு நேரக் கணக்கு

சுத்தம் செய்வதற்கு (படி 6) முன், திரும்பல் எண்ணிக்கையை, அதாவது எத்தனை முறை கழிப்பது என்ற எண்ணை, 0 என்று வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். வருவதுதான் அழுக்குப் படம். எந்த விசிபிலிட்டிக்கு எவ்வளவு எடை என்ற எடையிடலுக்கு பிரிக்ஸ் முறையில் ரோபஸ்ட் 0 போடுங்கள். ஜிஎம்ஆர்டிக்கு இது முக்கியம்: நடுச் சதுரத்தின் 91 குட்டை ஜோடிகள் ஃபூரியர் தளத்தின் மையத்தில் குவிந்துகிடப்பதால், எல்லா விசிபிலிட்டிக்கும் சம எடை கொடுத்தால் பீமைச் சுற்றி அகலமான மேடு ஒன்று வரும், சுத்தம் செய்வது கடினமாகும்.

ஓடி முடித்ததும் எவ்வளவு நேரமானது என்று குறித்துக்கொள்ளுங்கள். படி 6-இல் வரும் சுத்தம் செய்யும் வேலை பெரும் சுற்றுகளாக நடக்கும்; ஒவ்வொன்றிலும் மாதிரியிலிருந்து விசிபிலிட்டியைக் கணித்து, கழித்து, மீண்டும் கிரிட் செய்ய வேண்டும். தோராயமாக அழுக்குப் படத்தைப் போல இரண்டு மடங்கு. அழுக்குப் படத்துக்கு 4 நிமிடம் ஆனால், ஆறு பெரும் சுற்றுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

அழுக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுக்கக் குறுக்கே நேர்க்கோடுகள் ஓடினால், குறுக்கீடோ கெட்ட ஜோடியோ மிச்சமிருக்கிறது. படி 1-க்குத் திரும்புங்கள். ஓரத்து மூலங்கள் மையத்தை நோக்கி நீண்டிருந்தால் சேனல் சராசரி அதிகம். மையத்தைச் சுற்றும் திசையில் வளைந்து நீண்டிருந்தால் நேரச் சராசரி அதிகம். ஓரத்தில் மட்டும் மூலங்கள் பிறைபோல் சிதறி, மையத்தில் எல்லாம் கூர்மையாக இருந்தால் டபிள்யூ திருத்தம் ஓடவே இல்லை. இந்த நான்கையும் கண்ணால் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், பாதி சிக்கல்களை இங்கேயே பிடித்துவிடலாம்.

படி 6: கிளீன்

1974-இல் ஹெக்போம் வெளியிட்ட வழிமுறை இன்றும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அரிசியில் பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்குவது மாதிரி, படத்தில் மிகப் பிரகாசமான பிக்சலைக் கண்டுபிடித்து, அதில் பத்தில் ஒரு பங்கை மாதிரியில் சேர்த்து, அதே அளவு பீம் வடிவத்தைப் படத்திலிருந்து கழித்துவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

1980-இல் கிளார்க் இதை வேகப்படுத்தினார்: சிறு சுற்றுகளில் பீமின் நடுத்துண்டை மட்டும் கழிக்கலாம், அவ்வப்போது முழுதாகச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். காட்டனும் ஷ்வாபும் அந்தச் சரிசெய்தலை விசிபிலிட்டியிலேயே செய்தார்கள். இன்று டிகிளீனும் டபிள்யூஎஸ்கிளீனும் போவது இந்த வழியில்தான். சிறு சுற்று மலிவு, பெரும் சுற்று விலை அதிகம். ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது பெரும் சுற்றின் எண்ணிக்கையை.

டபிள்யூஎஸ்கிளீனில் இதற்கான திருகு எம்கெயின். 0.8 என்று வைத்தால் ஒவ்வொரு பெரும் சுற்றிலும் உச்சம் 80 சதவீதம் குறையும் வரை சிறு சுற்று ஓடும். ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். படத்தில் உச்சம் 1 ஜான்ஸ்கி (ரேடியோ ஒளிர்வின் அலகு), போக வேண்டிய ஆழம் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், 6 பெரும் சுற்று. 0.5 என்று பயந்து வைத்தால் 14 சுற்று. 0.9 என்று தைரியமாக வைத்தால் 4 சுற்று, ஆனால் பீம் அவ்வளவு சுத்தமாக இல்லாதபோது பொய் மூலங்கள் முளைக்கும். 0.8-இல் ஆரம்பியுங்கள். டிகிளீனில் இதே வேலையை சைக்கிள்ஃபேக்டர் செய்கிறது. அதைக் கூட்டினால் பெரும் சுற்றும் கூடும்.

எங்கே நிறுத்துவது? திரும்பல் எண்ணிக்கையை நம்பி நிறுத்தாதீர்கள். இரைச்சலை வைத்து நிறுத்துங்கள். டபிள்யூஎஸ்கிளீனில் தானியங்கி முகமூடியை இரைச்சலைப் போல 5 மடங்கிலும், தானியங்கி எல்லையை 1 மடங்கிலும் வைத்தால், 5 மடங்குக்கு மேல் தெரிந்த இடங்களில் மட்டும் ஆழமாகச் சுத்தம் செய்து நின்றுவிடும். முகமூடி இல்லாமல் ஆழமாகப் போனால் இரைச்சலின் முகடுகளையும் மூலம் என்று பொறுக்கும். அதற்கும் நேரம் வீண், படமும் கெடும்.

பரந்து விரிந்த மூலங்கள், எடுத்துக்காட்டாக ஒரு சூப்பர்நோவா எச்சம், இருந்தால் பல அளவுக் கிளீன் தேவைப்படும். புள்ளி மூலங்களே நிறைந்த புலத்தில் அதை இயக்குவது வெறும் காலவிரயம்.

படி 7: 200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தின் விலை

பெரும்பாலான ரேடியோ மூலங்கள் குறைந்த அதிர்வெண்ணில் அதிகம் ஒளிரும். நிறமாலைச் சரிவு (ஒளிர்வு அதிர்வெண்ணின் எந்த அடுக்கில் மாறுகிறது என்ற எண்) மைனஸ் 0.7 என்றால், 500-ஐவிட 300 மெகாஹெர்ட்ஸில் 43 சதவீதம் அதிகம். இதைக் கண்டுகொள்ளாமல் எல்லாச் சேனலையும் ஒன்றாகச் சுத்தம் செய்தால், பிரகாசமான மூலங்களைச் சுற்றி அகலாத வளையங்கள் நிற்கும்.

காசாவில் இதற்கு, ஒளிர்வு அதிர்வெண்ணோடு மாறுவதையும் சேர்த்துத் தீர்க்கும் எம்டிஎம்எஃப்எஸ் முறையும் அதில் 2 உறுப்பும். டபிள்யூஎஸ்கிளீனில் 4 முதல் 8 வரை துணைப்படங்களை இணைத்துச் சுத்தம் செய்து, அவற்றுக்குக் குறுக்கே ஒரு வளைவைப் பொருத்துவது. எதுவானாலும் நினைவகமும் நேரமும் கூடும். அதனால் ஆரம்ப ஓட்டங்களில் இதை அணைத்து வையுங்கள். பிரகாச மூலத்தைச் சுற்றியுள்ள வளையம்தான் தடை என்று தெரிந்தபிறகு இயக்குங்கள்.

படி 8: தன் அளவுத்திருத்தம்

வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் ரேடியோ அலைகளின் கட்டத்தைக் குலைக்கும்; அது நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருக்கும். கையில் இருக்கும் படத்தையே மாதிரியாக வைத்து ஆன்டெனாக்களின் கட்டப்பிழையைத் தீர்க்கலாம். ஒரு கணத்தில் தெரியாதவை 30, அளவீடுகள் 435. அதனால்தான் இது நடக்கிறது. கட்டம் மட்டும் என்று தொடங்கி, தீர்வு இடைவெளியை 8 நிமிடம், 4, 2, 1 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். வீச்சைக் கடைசியில் மட்டும் தொடுங்கள்.

இங்கே நேரத்தைக் கொட்டுவது எல்லாச் சுற்றிலும் முழு ஆழத்துக்குச் சுத்தம் செய்வதால்தான். முதல் சுற்றில் மாதிரிக்குத் தேவை மிகப் பிரகாசமான சில மூலங்கள் மட்டுமே. இரண்டு பெரும் சுற்றோடு நிறுத்திவிடுங்கள். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் ஆழம் கூட்டினால் போதும். ஆழமான இறுதிப்படம் ஒரே ஒருமுறை. சுத்தம் போதவில்லை என்றால் புதிதாகத் தொடங்க வேண்டாம்: டிகிளீனில் பீமையும் மீதத்தையும் மறுபடி கணக்கிடாதே என்று சொல்லி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கட்டம் சரியாகி, வளையங்கள் வானத்தின் ஒரு பக்கத்து மூலங்களைச் சுற்றி மட்டும் நின்றால், பிழை திசைக்குத் திசை மாறுகிறது என்று பொருள். அதற்கு ஸ்பாம் போன்ற மென்பொருள் இருக்கிறது. ஜிஎம்ஆர்டியின் 150 மெகாஹெர்ட்ஸ் வான ஆய்வான டிஜிஎஸ்எஸ் தரவை 2017-இல் மறுபடி படமாக்கி வெளியிட்டது அதைக் கொண்டுதான். முதல் படத்திலேயே அங்கே போக வேண்டாம்.

படி 9: எண்கள் சரியா என்று பார்ப்பது

டிஷ்ஷின் உணர்திறன் மையத்திலிருந்து குறைந்துகொண்டே போவதால், 37.5 ஆர்க்மினிட்டில் இருக்கும் மூலம் பாதி ஒளிர்வோடுதான் தெரியும். இதைக் காசா தானாகத் திருத்திவிடும் என்று நம்ப வேண்டாம். ஜிஎம்ஆர்டி ஒவ்வொரு பேண்டுக்கும் வெளியிட்டிருக்கும் பல்லுறுப்புக் குணகங்களைக் கொண்டு டிஷ்ஷின் உணர்திறன் வடிவத்தை (இதையும் பீம் என்றுதான் சொல்வார்கள்) கணக்கிட்டு, படத்தை அதனால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பத்துப் பதினைந்து புள்ளி மூலங்களைத் தேர்ந்தெடுத்து, 150 மெகாஹெர்ட்ஸுக்கு டிஜிஎஸ்எஸ் பட்டியலையும் 1400 மெகாஹெர்ட்ஸுக்கு என்விஎஸ்எஸ் என்ற வான ஆய்வின் பட்டியலையும் திறந்து வையுங்கள். ஒரு மூலம் முதலாவதில் 1 ஜான்ஸ்கி, இரண்டாவதில் 0.2 என்று வைத்துக்கொள்வோம். சரிவு மைனஸ் 0.72 வரும்; 400 மெகாஹெர்ட்ஸில் 0.49 ஜான்ஸ்கி எதிர்பார்க்கலாம். உங்கள் படத்தில் 0.45-க்கும் 0.54-க்கும் இடையில் இருந்தால் நன்று. எல்லா மூலங்களும் ஒரே விகிதத்தில் தவறினால் அளவுத்திருத்தத்தில் கோளாறு. மையத்தில் சரியாக இருந்து, விலக விலகத் தவறினால் பீம் திருத்தத்தையும் படி 2-இல் எடுத்த சராசரியையும் மறுபடி பாருங்கள்.